புதுமைப் பிரிவுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாற்றல் பற்றி அம்மா போனில் சொன்னபோதே சந்தோஷப்பட்டேன். உன் கடிதத்தைப் படித்தால் நீ சந்தோஷமாக இல்லை என்று தெரிகிறது. மோட்டார் கிளெய்மில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, புதிதாக ஆரம்பித்திருக்கும் புதுமைப் பிரிவில் போய் என்ன செய்வது, வெளியிலிருந்து வரும் கன்சல்டன்ட்டுகள் கேட்கிற ஃபைலை எடுத்துக் கொடுப்பதுதான் வேலையா என்று கேட்டிருக்கிறாய். நானும் அந்தக் கன்சல்டன்ட் தொழிலில் இருப்பவள்தான். அதனால் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

கிளெய்மிலிருந்து ஒருவனை எடுத்து அந்த இடத்தில் உட்கார வைத்ததுதான் உன் கம்பெனி செய்த முதல் நல்ல காரியம். ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் விற்பனைப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். செல்போன் ஆப், சாட்பாட், இரண்டு நிமிஷத்தில் பாலிசி என்று பேச்சு போகும். பாலிசி வாங்குவது ஏற்கெனவே சுலபமாகிவிட்டது. நாம் விற்பது ஒரு வாக்குறுதி. அது நிஜமா என்பது பாலிசிதாரருக்குத் தெரிவது கிளெய்ம் வரும் அன்றைக்குத்தான். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில் புதுமை என்பது அந்த நாளிலிருந்து பின்னோக்கி யோசிப்பது. இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று அதுதான்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பார். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கார்கள் முழுகிக் கிடந்தன. தண்ணீர் எதுவரை ஏறியது என்று சர்வேயர் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார், கதவின் உள்பக்கம் படிந்த சேற்றுக் கோட்டைப் படம் எடுப்பார். அதற்கப்புறம் அவர் கேட்கும் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது: தண்ணீர் நின்றபோது வண்டியை ஸ்டார்ட் செய்தீர்களா? செய்திருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அது வெள்ளத்தால் வந்த நேரடிச் சேதமா, வண்டிக்காரர் செய்ததால் வந்த பின்விளைவா என்று எத்தனை வாக்குவாதம்! இன்ஜினுக்கென்று தனியாக ஓர் ஆட்-ஆன் இருப்பதையே பலர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

அந்த வாக்குவாதமே வராமலிருக்க, ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளமான பகுதிகளில் இருக்கும் பாலிசிதாரர்களுக்குத் தமிழில் ஒரு செய்தி போனால் போதும்: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், இழுத்துச் செல்ல ஆள் வருவார். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஆனால் செய்வது கஷ்டம். போன் எண்கள் ஒரு பிரிவிடம் இருக்கின்றன, சேதக் கணக்கு இன்னொரு பிரிவிடம், டோயிங் ஒப்பந்தம் மூன்றாவது ஆளிடம். செய்தி அனுப்பும் செலவை யார் தலையில் எழுதுவது என்பதிலேயே ஒரு மழைக்காலம் போய்விடும். இந்த மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவரைப் பொறுப்பாக்கி, தேதி குறிப்பதற்குத்தான் வெளியாள் வேண்டும். உள்ளே இருப்பவன் கேட்டால் மனஸ்தாபமாகிவிடும் கேள்வியை கன்சல்டன்ட்டுகள் கேட்கலாம். அந்த உரிமைக்குத்தான் கம்பெனி காசு கொடுக்கிறது. அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்.

மூன்று மாதத்தில் ரிசல்ட் காட்டு என்று மேலிடம் கேட்கும். அப்போது அமெரிக்காவின் ப்ரோக்ரசிவ் கம்பெனியை எடுத்துச் சொல். 1937-இல் ஆரம்பித்த கார் இன்சூரன்ஸ் கம்பெனி அது. எப்போது, எங்கே, எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள் என்று பார்த்து பிரீமியம் போடும் சோதனையை 1998-லேயே டெக்சாஸில் தொடங்கியது. காரில் ஜிபிஎஸ் கருவி பொருத்த வேண்டும், அந்தக் காலத்தில் அதற்கு விலை அதிகம். அதனால் சோதனையை நிறுத்தினார்கள், எண்ணத்தை விடவில்லை. 1996 முதல் அமெரிக்காவில் வரும் கார்களில் பழுது பார்ப்பதற்கென்று ஒரு சாக்கெட் கட்டாயமாக இருக்கும். 2004-இல் மின்னசோட்டாவில் அதில் செருகும் சின்னக் கருவியைக் கொடுத்தார்கள். வாடிக்கையாளரே அதைக் கழற்றி வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி, விவரத்தைப் பார்த்துவிட்டு, விருப்பமிருந்தால் அனுப்பலாம். அப்புறம் கருவியே விவரம் அனுப்பும்படி வந்தது. அந்த வரிசையில்தான் இன்றைய ஸ்நாப்ஷாட் வந்தது. ஒரு தடவை நின்றுபோன சோதனையின் பாடத்தை ஃபைலில் பத்திரமாக வைத்திருந்து, தொழில்நுட்பம் மலிவானதும் திரும்ப எடுத்த கம்பெனி அது. நம் ஊரிலும் ஓன் டேமேஜ் பகுதிக்கு இந்த மாதிரி ஆட்-ஆன் கொடுக்கலாம் என்று 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்துவிட்டது. உன் ஆட்கள் இதைப் புது யோசனை என்று கொண்டுவந்தால் இந்தக் கதையைச் சொல்லி, கருவி, செலவு, சம்மதம் மூன்றையும் பற்றிக் கேள்.

நேர்மாறான அனுபவம் பிரான்சின் ஆக்சாவுக்கு. 2017-இல் ஃபிஸி என்று ஒரு பாலிசி கொண்டுவந்தார்கள். விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், யாரும் மனு எழுதாமலே பணம் வந்துவிடும். பிளாக்செயினில் ஓடிய அது வேலை செய்தது, எனக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது. ஆனாலும் எதிர்பார்த்த வியாபாரம் வராமல் 2019-இல் மூடிவிட்டார்கள். இடையில் இருந்து விற்றுக் கொடுக்க ஆர்வமாக யாரும் இல்லாத பாலிசி நிற்காது. அதனால் உன் முதல் கூட்டத்துக்கே ஏஜென்ட்டுகளையும் டெவலப்மென்ட் ஆபீசர்களையும் கூப்பிடு. வாடிக்கையாளரின் கோபம் முதலில் போய்ச் சேருவது அவர்களிடம்தான்.

மூன்று மாதக் கெடுவுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. பாலிசி பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுவது. இழப்பு விகிதம் குறைந்ததா என்று தெரிய ஒரு முழுச் சுற்றாவது போக வேண்டும். அதற்கு முன்னால் அதைக் காட்டச் சொல்வதும், காட்டுகிறேன் என்று கன்சல்டன்ட் ஒப்புக்கொள்வதும் இரண்டுமே தப்பு. சீக்கிரம் தெரியக்கூடியதை அளந்து காட்டு. தகவல் வந்ததிலிருந்து சர்வேயர் போவதற்கு எத்தனை நாள், ஒரே ஆவணத்தை எத்தனை முறை கேட்டோம், கிளெய்ம் என்ன ஆயிற்று என்று எத்தனை பேர் போன் செய்தார்கள், இதெல்லாம் மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

ஊழியர்களுக்கு யோசனைப் போட்டி வைக்கலாம் என்று கன்சல்டன்ட்டுகள் கட்டாயம் சொல்வார்கள். வை, ஆனால் வந்த ஒவ்வொரு யோசனைக்கும் பெயர் போட்டுப் பதில் அனுப்ப ஆள் இருந்தால் மட்டும் வை. ஒரு கிளை அசிஸ்டன்ட் யோசித்து எழுதியதற்குப் பதிலே வராவிட்டால், அடுத்த முறை அந்தக் கிளையிலிருந்து ஒரு வரியும் வராது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும்.

பழைய கம்பெனி என்று நீ கூச்சப்பட்டு எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். லண்டன் லாயிட்ஸில் கத்பர்ட் ஹீத் என்று ஒருவர் இருந்தார். திருட்டுக்கு பாலிசி என்பதையெல்லாம் தொடங்கி வைத்தவர். 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் ஊரே எரிந்தபோது, பாலிசி நிபந்தனை எப்படியிருந்தாலும் பாலிசிதாரர்கள் எல்லோருக்கும் முழுத் தொகையைக் கொடுத்துவிடச் சொல்லித் தன் ஏஜென்ட்டுக்குத் தந்தி அடித்தார். புதுசு புதுசாக பாலிசி கண்டுபிடித்தவரும் அந்தத் தந்தியை அடித்தவரும் ஒரே ஆள். அமெரிக்காவில் லாயிட்ஸின் பெயர் உயர்ந்ததற்கு அந்தத் தந்தி பெரிய காரணம். உன் கம்பெனியிடம் பல பத்தாண்டு கிளெய்ம் ஃபைல்கள் இருக்கின்றன. நேற்று தொடங்கிய எந்த கம்பெனியிடமும் அவை இல்லை.

அதனால் முதல் கூட்டத்தில் கன்சல்டன்ட்டுகள் ஸ்லைடு போடுவதற்கு முன்னால் நீ ஒன்று செய். நிராகரித்த கிளெய்மில் கொஞ்சம், ரொம்ப நாள் இழுத்துக் கொடுத்ததில் கொஞ்சம் ஃபைல் எடுத்து, பெயர்களை மறைத்து, மேசைமேல் வை. முதல் இரண்டு மணி நேரம் எல்லோரும் அதைத்தான் படிக்க வேண்டும் என்று சொல். படிக்க மறுக்கிற கன்சல்டன்ட் உனக்கு வேண்டாம். படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் முதல் நாளிலிருந்தே கூட இருந்து வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல். இல்லாவிட்டால் கன்சல்டன்ட்டுகள் கிளம்பும்போது வேலையும் கிளம்பிவிடும்.

ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே, அது முறையில்லை. சந்தேகத்தைப் பொதுவாகக் கேள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். எந்தெந்த ஃபைலை எடுக்கலாம் என்று அதற்குள் யோசித்து வை.

அன்புடன்,
அக்கா