அண்ணனுக்கு ஒரு சீடர்

கிதார் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? போனால் ஜாக்கிரதை. விலையை விடச் சங்கடமான ஒரு கேள்வியை அங்கே கேட்பார்கள்.

சென்னையில் ஒரு கடை. 'நல்ல அகூஸ்டிக் கிதார் வேணும் தம்பி' என்றேன். பையன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று வெளுப்பு, இன்னொன்று தேன் நிறம். 'இது ஸ்ப்ரூஸ் சார்... இது சீடர்' என்றான்.

'யாரோட சீடர்?' என்றேன். அவன் சிரிக்கவில்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பானோ!

நான் படித்தது பி.காம். மரம் என்றால் கட்டில், கதவு என்பதோடு என் அறிவு முடிந்துவிடும். பையன்தான் பாடம் எடுத்தான். கிதாரில் கம்பி அதிர்கிறது, ஆனால் நம் காதுக்கு வருகிற சத்தத்தில் பெரும்பகுதி மேல்பலகையின் சத்தம். இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான் கனம். ஸ்டீல் கம்பி மாட்டிய கிதாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை இழுக்கும். அதைத் தாங்கவும் வேண்டும், விரல் பட்டதும் துடிக்கவும் வேண்டும். அதனால்தான் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கிற மரமாகத் தேடுகிறார்கள்.

காலங்காலமாக அது ஸ்ப்ரூஸ்தான். 1960களில் மாட்ரிட்டைச் சேர்ந்த மூன்றாம் ஹோசே ராமிரெஸ் என்கிற கிதார் ஆசாரி, கனடாப் பக்கத்திலிருந்து வந்த செந்நிற சீடரை மேல்பலகையாகப் போட்டுப் பார்த்தார். கிளாசிக்கல் கிதார் உலகம் அந்தக் குரலில் சொக்கிப்போனது. வேடிக்கை என்னவென்றால், அது நிஜத்தில் சீடரே இல்லையாம். சாலமோன் கோயில் கட்டிய கேதுருவும், இமயமலைத் தேவதாருவும்தான் அசல். இது சைப்ரஸ் குடும்பம். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டான் பாருங்கள்...

'வாசிக்கப் போறவருக்கு என்ன வயசு சார்?'

'62.'

'அப்ப சீடரே எடுத்துக்குங்க. ஸ்ப்ரூஸ் வாசிக்க வாசிக்கத்தான் குரல் திறக்கும்னு சொல்வாங்க. வருஷக்கணக்கா ஆகும். சீடர் மொத நாளே பேசும்.'

சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் தப்பு இல்லை.

அந்த 62 வயசுக்காரர் என் பெரியப்பா மகன். ஊர் வடுகபட்டி, பெரியகுளத்துக்குப் பக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்குகிற சந்தை. ஊருக்குள் நுழைந்தாலே பூண்டு வாசம் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். பகலில் அண்ணனுக்குப் பூண்டு மூட்டை, ராத்திரியில் கிதார். திருவிழாக் கச்சேரிகளில் வாசிப்பார். 1982-ல் 'இளைய நிலா' வந்தபோது அண்ணனுக்கு 19 வயசு. பாட்டு எழுதிய வைரமுத்து வளர்ந்தது எங்கள் வடுகபட்டியில். இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரம். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தலை கால் புரியுமா? அந்தக் கிதாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். அதுவரை எங்கள் அண்ணன்தான் வாசித்தார் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

1997. மதுரையில் காலேஜில் இருந்தேன். அந்த வருஷம் அப்பாவுக்குப் பூண்டில் பெரிய அடி. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. அண்ணன் பஸ் ஏறி வந்து ஹாஸ்டல் வாசலில் ரூபாயைக் கையில் திணித்தார். 'யாவாரத்துல வந்துச்சுடா' என்றார்.

அடுத்த திருவிழாவில் மேடையில் அண்ணன் இல்லை. கேட்டால், 'வெரலு வலிக்குது, விட்டுட்டேன்.'

நம்பினேன். இல்லை, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அவர் கிதாரை விற்ற கதை போன வருஷம் மதினி பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரவு செலவு படித்தவன் நான். அந்த ஒரு கணக்கில் மட்டும் பற்றுப் பக்கத்தை எழுதாமலேயே விட்டிருக்கிறேன்.

சீடரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணன் உடனே வாசிக்கவில்லை. தேங்காய் வாங்குகிற மாதிரி பலகையை விரல்கணுவால் தட்டிப் பார்த்தார். 'நகம் பட்டா பதிஞ்சிரும் போலருக்கே' என்றார். நிஜம்தான். சீடர் மிருதுவான மரம். ஓங்கி அடித்து வாசிப்பதை விட, விரலால் மெல்ல மீட்டுகிறவர்களுக்கே அதிகம் பிடிக்கும்.

'எந்தூரு மரம்?'

'முன்பக்கம் கனடாப் பக்கத்து மரம்ணே. பின்னாடி நம்ம மலையில வளர்ற தோதகத்தி.'

சடாரென்று திருப்பிப் பார்த்தார். ஈட்டி என்றும் சொல்வோமே, அதேதான். இந்தியன் ரோஸ்வுட். 1960களின் கடைசியில் பிரேசில் மரம் கிடைப்பது கஷ்டமானதும் அமெரிக்காவின் பெரிய கிதார் கம்பெனிகள் நம் தோதகத்திக்குத்தான் மாறின. 2017-ல் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். இந்தப் பலகை எந்தக் காட்டில் வெட்டியதோ... இனம் நம் மலை இனம்.

'அப்ப மொகம் அவுக, முதுகு நாம' என்று சிரித்தார்.

பிறகு வாசித்தார். 'இளைய நிலா'வின் ஆரம்பம். நாலு இடத்தில் தடுக்கியது. காய்ப்பு போன விரல்களில் கம்பி வெட்டியிருக்கும். ஆனால் சத்தம்! கதகதப்பாக, நேற்றுவரை வாசித்துக்கொண்டிருந்த கிதார் மாதிரி எழும்பி வந்தது. மதினி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார்.

'அண்ணே, அன்னைக்கு அந்த ஃபீஸு...' என்று ஆரம்பித்தேன்.

'பேசாம கேளுடா' என்றார்.

கேட்டேன்.

நீங்களும் யாருக்காவது கிதார் வாங்கப் போனால், அந்தப் பையன் வயசைக் கேட்பான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் மரத்துக்காக மட்டும்தான் கேட்கிறான். மிச்சத்தை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.