சிலேட்டுக் கல்லில் விளையும் சிவப்பு ஒயின்

பிரியோராட் மலைச்சரிவில் கால் வைத்தால் மண் தட்டுப்படாது. காலடியில் சடசடவென்று உடைவதெல்லாம் கல். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு இருக்கிறதே, அதே ஜாதிக் கல்தான். நடுநடுவே காக்காப்பொன் மின்னும். ஊர்க்காரர்கள் இதை 'லிகொரெல்லா' என்கிறார்கள். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீரைத் தங்கவிடாது. திராட்சைக் கொடிக்கு வேறு வழியில்லை. கல்லின் விரிசல்களுக்குள் மீட்டர் கணக்கில் வேரை இறக்கித்தான் தண்ணீர் தேட வேண்டும். வயதான கொடிகளில் ஒரு கிலோ பழம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தக் கொஞ்சப் பழத்தில்தான் அவ்வளவு சாரம்!

ஸ்பெயினின் கேட்டலோனியாவில், மோன்ட்சான்ட் மலையடிவாரத்தில் இருக்கிறது இந்த வட்டாரம். பைன் மரத்தில் சாய்ந்த ஏணி வழியே தேவதைகள் வானத்துக்கு ஏறியதை ஓர் ஆட்டிடையன் பார்த்தானாம். அந்த இடத்தில் 1194-ல் கார்த்தூசியத் துறவிகள் மடம் அமைத்தார்கள். பெயர் 'ஸ்காலா டேய்'. கடவுளின் ஏணி என்று அர்த்தம். ஒயின் செய்வதை இங்கே வளர்த்தவர்கள் அவர்கள்தான். மடத்தின் தலைவரான பிரயரின் ஆளுகையில் இருந்த ஊர்கள் என்பதால் பிரியோராட்.

1835-ல் அரசு மடத்துச் சொத்தைப் பறித்தது, துறவிகள் வெளியேறினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஃபிலோக்ஸெரா வந்தது. அசுவினிக்கு உறவுக்காரப் பூச்சி. வேரை உறிஞ்சியே கொடியைக் கொன்றுவிடும். சரிவுகள் காய்ந்தன. இளைஞர்கள் ஆலை வேலை தேடி ரெயுஸுக்கும் பார்சிலோனாவுக்கும் கிளம்பினார்கள். பிறகு கொடிகளை மறுபடி நட்டாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. ஊரில் மிஞ்சியவர்கள் பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போட்டார்கள். ஒயின் பெரும்பாலும் பீப்பாய்க் கணக்கில் சில்லறை விலைக்குப் போனது.

நல்லவேளை, கொடிகளை எல்லாரும் பிடுங்கிப் போட்டுவிடவில்லை. 1980-களின் கடைசியில் ரெனே பார்பியே என்பவரின் பேச்சை நம்பிச் சிலர் கிராட்டலோப்ஸ் என்ற குட்டி ஊருக்கு வந்தார்கள். ரியோகாவின் ஒயின் குடும்பத்துப் பிள்ளை அல்வாரோ பலாசியோஸ் அவர்களில் ஒருவர். 1989 அறுவடையை ஒன்றாகவே ஒயினாக்கி, ஐந்து பெயர்களில் புட்டியில் அடைத்தார்கள். தனித்தனியாகச் செய்ய வசதியில்லை! சில ஆண்டுகளிலேயே உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று ஸ்பெயினின் மிக உயர்ந்த ஒயின் தகுதி ரியோகாவுக்கும் பிரியோராட்டுக்கும் மட்டுமே உண்டு.

ஆரம்பத்தில் அவர்களும் பிரெஞ்சுத் திராட்சைகளைக் கலந்தார்கள். அதெல்லாம் தேவையே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஊரின் சொந்தத் திராட்சைகளான கர்னாச்சாவும் கரின்யேனாவும் போதும். முரட்டுத்தனம் என்று ஒதுக்கப்பட்ட கரின்யேனாவுக்கு இப்போது தனி மரியாதை.

குடித்தால் எப்படி இருக்கும்? கறுத்த செர்ரிப் பழ வாசனை, மலையில் மண்டிக்கிடக்கும் ரோஸ்மேரி, கடைசியில் மழை நனைத்த கல். ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை ஏறும். அதனால் வெறும் வயிற்றுக்கான பானமல்ல. சாப்பாட்டோடுதான் இதற்கு அழகு. ஆட்டுக்கறி வாட்டல், காட்டுப்பன்றிக் குழம்பு, வெள்ளை பீன்ஸோடு வறுத்த பொத்திஃபார்ரா சாசேஜ் எல்லாம் பொருந்தும். ஒயினின் துவர்ப்பைக் கறியின் கொழுப்பு அடக்கிவிடும். குழம்பைக் கெட்டியாக்க அங்கே ஹேசல்நட், பாதாம், பூண்டு சேர்த்து உரலில் இடித்துப் போடுவார்கள். அதன் பெயர் 'பிகாடா'. ஹேசல்நட் பக்கத்து ரெயுஸ் ஊர்ச் சரக்கு. ஆலிவ் எண்ணெய் உள்ளூர்ச் சியூரானா. ஒரே வெயிலில் விளைந்தவை ஒரே தட்டில் சேர்கின்றன.

ரொமெஸ்கோ சாஸ் சிவப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதில் போடுவது காரமே இல்லாத நியோரா மிளகாய். நல்ல காரத்தோடு இந்த ஒயினைச் சேர்த்தால் ஆல்கஹாலும் சேர்ந்து தொண்டை எரியும். மென்மையான மீனும் இதன் முன் காணாமல் போய்விடும். ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைத்து, லேசாகக் குளிர்ந்த நிலையில் பரிமாறுவது நல்லது.

விலைதான் உறுத்துகிறது. பலாசியோஸின் 'லெர்மிட்டா' ஒரு புட்டி ஆயிரம் யூரோவைத் தாண்டும். அந்தத் தோட்டம் இருக்கும் செங்குத்துச் சரிவை உழுவதற்கோ இன்றைக்கும் கோவேறு கழுதைதான்.