தகரத்துக்கு அந்தப் பக்கம்

சனி, இரவு

மருமகனுக்கு இரண்டாம் தவணை விடுமுறை. லண்டனில் இருக்கும் என் தம்பி, தன் மகனுக்குப் புதுக் கேம் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழைய பிஎஸ்4ஐ ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். பெட்டியைச் சுற்றிய துவாய்க்குள் சொக்கிலேற்றும் இருந்தது. சொக்கிலேற் மத்தியானமே முடிந்தது. பெட்டியோ இரவு பத்து மணியாகியும் இணையத்தில் ஏறவில்லை.

"மாமா, என்ட போனுக்கு நெட் வருது. இதுக்கு மட்டும் வருதில்ல. பெட்டி பழுது போல."

பழுது என்று சொல்வது லேசு. எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? எங்கள் வீட்டுக்கு இணையம் வருவது வானத்தால். மூதூர்ப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து முன் அறை ஜன்னலில் இருக்கும் 4ஜி றவுட்டருக்கு ஓர் அலை. றவுட்டரிலிருந்து பெட்டிக்கு இன்னொரு அலை. முதலாவது செத்தால் ஊருக்கே இல்லை. இரண்டாவது செத்தால் நமக்கு மட்டும் இல்லை. போனில் யூடியூப் ஓடுகிறது, ஆகவே முதலாவது உயிரோடு இருக்கிறது. இந்த அளவுக்குக் கணக்குப் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். கச்சான் காற்று ஓலையைப் போட்டு அடிக்கிறது. இந்தக் காற்றில் எப்படியும் கரண்ட் போகும்.

ஞாயிறு

பெட்டியின் பட்டியலில் எங்கள் றவுட்டரின் பெயரே இல்லை. எதிர்வீட்டுக்காரரின் பெயர் மெலிதாகத் தெரிகிறது, எங்களுடையது இல்லை. மருமகன் இதைக் கண்டுபிடித்ததும் எதிர்வீட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டு வரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

காரணம் பெட்டியின் வயதில் இருக்கிறது. பிஎஸ்4 முதன்முதல் வெளிவந்தது 2013 நவம்பரில். அந்த முதல் வார்ப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுந்தான் கேட்கும். 2016இல் வந்த மெலிந்த வார்ப்பிலிருந்துதான் 5 கிகாஹெர்ட்ஸும் கேட்கத் தொடங்கியது. தம்பி அனுப்பியது தடித்த பழையது. எங்கள் றவுட்டரைப் பொருத்தித் தந்தவரோ, வேகம் கூடத் தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, 2.4ஐ அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். போனெல்லாம் 5இல் சுகமாக ஓடுவதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

றவுட்டரின் பக்கத்துக்குள் புகுந்து 2.4ஐத் திறந்தேன். பெயர் வந்தது. கடவுச்சொல்லை அடித்தால் அது பிழையாக இருக்கலாம் என்று என்டபிள்யூ-31297-2 என்றொரு இலக்கத்தைக் காட்டியது. கடவுச்சொல் சரிதான், றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அதே எழுத்துகள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3இல் நின்றது. அது 2018இல் அறிவிக்கப்பட்ட முறை, 2013இல் பிறந்த பெட்டி அதை எங்கே கண்டது? டபிள்யூபிஏ2க்கு இறக்கியதும் ஏற்றுக்கொண்டது. இதற்காகப் பெட்டியைத் தூக்கி முன் அறைக்குக் கொண்டுவந்து, றவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தேன். ரீவி இருக்கும் பின்கொட்டிலுக்குத் திருப்பிக் கொண்டுபோனதும் இணைப்பு விட்டுவிட்டு வந்தது, பிறகு போய்விட்டது.

இந்த விஷயத்துக்குப் புத்தி சொல்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது சனலை மாற்று என்று. 1, 6, 11 மூன்றுந்தான் ஒன்றோடொன்று மோதாதவை, அதில் காலியானதைப் பிடி என்பார்கள். சுவருக்குச் சுவர் றவுட்டர் உள்ள மாடிக்குடியிருப்புக்கு அது நல்ல புத்தி. இங்கே எங்களுடையதும் எதிர்வீட்டாருடையதும் தவிர வேறு அலை இல்லை. நடுவில் வளவும் முருங்கையும் நிற்கின்றன. சனல் 6 அப்படியே இருக்கட்டும்.

திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை.

செவ்வாய்

குற்றவாளியைப் பிடித்தாயிற்று: தகரம்.

வீடு 550 சதுர அடி. சண்டைக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. சீமெந்துக் கல் சுவர், நடுவில் ஒரு சுவர்தான். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது பெரிய தடை இல்லை, கொஞ்சம் தேய்ந்து கடந்து போய்விடும். ஆனால் பின்பக்கம் நாங்களாக இறக்கிய கொட்டிலுக்கு மறைப்பாக நிற்பது நெளிதகரம். ரீவி அதன் பின்னால்தான் இருக்கிறது, அக்காவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில். உலோகத்தில் பட்ட அலை ஊடுருவாது, திரும்பி ஓடும். பெட்டிக்குக் கிடைத்ததெல்லாம் கதவு நிலையால் வளைந்து வந்த மிச்சம் மட்டும்.

சோதனை லேசானது. போனை 2.4இல் இணைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். கதவு நிலையில் நிற்கும்வரை முழு அலை. தகரத்துக்குப் பின்னால் ஒரு கால் வைத்தால் பாதி. ரீவிக்கு முன்னால் குந்தினால் ஒரு கோடு. மருமகன் தகரத்தின் ஓர் ஓரத்தை ஆணியிலிருந்து கழற்றிச் சாய்த்துப் பிடித்தான், கோடு கூடியது. விட்டான், குறைந்தது. அவனுக்கு இது கேமை விடச் சுவாரசியமாகப் போய்விட்டது.

அம்மா வந்து தகரத்தில் கை வைக்க வேண்டாம் என்றா. அதற்கு ஒரு கதை உண்டு. 2006இல் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தபோது எங்களவர்களும் வாகரைப் பக்கமாக ஓடி மட்டக்களப்பு போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். சம்பூரில் இருந்த பெரியம்மா குடும்பத்துக்குக் காணி இல்லை, அது பிடிபட்டுக் கிடந்தது. கட்டைபறிச்சான் முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். 2015இல் சம்பூர்க் காணி விடுபட்டுத் திரும்பியபோது, தாங்கள் இருந்த கொட்டிலின் நல்ல தகரங்களைக் கழற்றி எங்களிடம் தந்துவிட்டுப் போனார்கள். மேல் ஓரத்தில் இன்னும் யாரோ கரியால் எழுதிய கொட்டில் இலக்கம் இருக்கிறது. அதைத் தூக்கி எறிய அம்மா விடமாட்டா. எனக்கும் எறிய மனமில்லை. ஆனால் மருமகனுக்கு வேண்டியது சிக்னல்.

இந்த மாவட்டத்துக்கு வானலை புதுசு இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1980களில் திருகோணமலையில் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் கட்டி, கடலைத் தாண்டிய நாடுகளுக்குச் சிற்றலையில் பேசியது. எங்கள் ஊரிலும் சண்டை ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வீடு சிடிஎம்ஏ போனும், ஜீஐ குழாயின் உச்சியில் அன்டெனாவும் நின்றன. அந்தக் குழாய் எங்கள் முற்றத்தில் இப்போதும் நிற்கிறது, உடுப்புக் காயப்போடும் கயிறு அதில்தான் கட்டியிருக்கிறது.

குழாயைப் பார்த்ததும் றவுட்டரை இடம் மாற்றும் எண்ணம் வந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். றவுட்டரின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்றொரு எண் உண்டு. கோபுரத்து அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதன் அளவு. மைனசில் இருக்கும், பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. முன் ஜன்னலில் -98. கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தால் -112. பதினான்கு டெசிபெல் வித்தியாசம் என்றால் கேட்கச் சின்னது, உண்மையில் இருபத்தைந்து மடங்கு. பெட்டிக்குப் பக்கத்தில் றவுட்டரை வைத்தால் பெட்டிக்கு முழு அலை கிடைக்கும், ஆனால் முழு அலையில் கொண்டுவர இணையம் இருக்காது. கோபுரத்துக்கு முகம் காட்டினால் பெட்டிக்கு முதுகு. கண்ணாடிநார் வயர் சுவரில் வந்து முடியும் வீட்டில் இந்தப் பேரம் எழவே எழாது.

சமரசம்: றவுட்டர் அதே ஜன்னலில், ஆனால் கூரைக்குக் கீழே உயரத்தில், தகரத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் பார்க்கும்படி. தகரத்துக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்கு விட்ட இடைவெளி அலைக்கும் போதும். மூன்று கோடு வந்தது.

புதன்

ஐபி முகவரி பெற்றது: வெற்றி. இணைய இணைப்பு: வெற்றி. பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் உள்நுழைதல்: தோல்வி.

கடிகாரம். பெட்டி லண்டனில் அலுமாரிக்குள் நெடுநாள் கிடந்திருக்கிறது. உள்ளே சிஆர்2032 என்ற சில்லுப் பற்றரி உண்டு, கரண்ட் இல்லாத நேரத்தில் நாள் நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோக, பெட்டி பல வருடம் பின்னால் வாழ்கிறது. சேர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பெட்டியின் கணக்கில் அந்தத் தொடக்க நாள் இன்னும் வரவேயில்லை, ஆகவே நம்ப மறுக்கிறது. கையால் திகதியைப் போட்டேன், உள்ளே போனது.

கடிகாரத்தால் வந்த வினையில் பெரியது 2010 மார்ச் 1ஆம் திகதி நடந்தது. பழைய தடித்த பிஎஸ்3 பெட்டிகள் 2010ஐ லீப் வருடம் என்று கணக்குப் பிழைத்து, இல்லாத பெப்ரவரி 29க்குப் போய் நின்றன. உலகம் முழுக்க அந்தப் பெட்டிகளால் நெட்வேர்க்கில் ஏற முடியவில்லை. பெட்டியைப் போடவே வேண்டாம் என்று சோனியே சொல்ல வேண்டி வந்தது. அடுத்த நாள் கடிகாரம் தானாகவே சரியானது. செய்த கம்பனிக்கே அந்தக் கதி.

நள்ளிரவு தாண்டி

உள்ளே போனதும் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது. அது அரை ஜிபி அளவுதான், பரவாயில்லை. கேம் ஒன்றுக்கு நாற்பது ஜிபிக்கு மேல் கேட்கிறது. எங்கள் பொதியில் பகல் டேட்டா கொஞ்சம். பெரிய பங்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரைக்கும். பெட்டி எப்போது வேண்டுமானாலும் தானாக இறக்கிக்கொள்ளும் பழக்கமுடையது, மாதக் கணக்குப் பார்த்து இறக்கு என்று சொல்ல அதில் ஒரு பொத்தானும் இல்லை. தானியங்கி இறக்கத்தை அணைத்துவிட்டு அலாரம் வைத்து எழும்பி வந்து அழுத்தியிருக்கிறேன். மருமகன் விழித்திருப்பதாகச் சொன்னான், வாயைத் திறந்தபடி பாயில் கிடக்கிறான்.

வெள்ளி

எல்லாம் சரி, ஆனால் மருமகனுக்கு அவன் மச்சானின், அதாவது என் தம்பி மகனின், குரல் கேட்கவில்லை. லண்டனில் இருப்பவன் பெட்டி வழியே பேசும் பார்ட்டிக்கு அழைக்கிறான், இவன் சேர்கிறான். இருவரும் ஹலோ ஹலோ என்று கத்துகிறார்கள், ஒருவருக்கும் கேட்பதில்லை. சோதனைப் பக்கத்தில் பார்த்தால் நாட் வகை 3, வெளியிலிருந்து கேளாமல் வருவதை உள்ளே விடாத வகை.

இதை மூதூரில் போன் திருத்தும் கடைப் பொடியனிடம் கேட்டேன். "போர்ட் திறக்கணும் அண்ணை" என்றான். றவுட்டரில் போர்ட் திறக்கலாம்தான், ஆனால் பிரயோசனம் இல்லை. றவுட்டருக்குக் கோபுரம் கொடுத்திருக்கும் முகவரியைப் பார்த்தேன், 100 என்று தொடங்கி அடுத்தது 64க்கும் 127க்கும் நடுவில். உலகத்துக்கு உள்ள பழைய பாணி ஐபி முகவரிகள் மொத்தம் 430 கோடி அளவு. மைய இருப்பில் கடைசிப் பங்கு 2011 பெப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடுக்கும் வழக்கம் பரவியது. அதற்கென்றே 2012இல் ஒதுக்கிய தொகுதிதான் இந்த 100.64. எங்கள் ஊருக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போவாரே, அப்படித்தான்: நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் என்றால் கடைக்காரர் ஆளைப் பிடித்துக் கொடுப்பார், கேளாமல் வந்த கடிதம் யாருக்கு என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும். என் வீட்டுக் கதவை நான் எவ்வளவு அகலத் திறந்து வைத்தாலும் கடை என் கையில் இல்லை.

கேம் சேர்வருக்கு நாமே முதலில் பேசுவதால் அது ஓடுகிறது. பார்ட்டிக் குரல் பெட்டிக்குப் பெட்டி நேராகப் போவது, அதுதான் தடக்குகிறது. பெட்டியின் கணிப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த முகவரி உண்டு, அளவில்லா டேட்டா உண்டு, கரண்ட் போகாது. அப்படிப்பட்ட வீட்டுக்காகச் செய்ததை நாம் சிம்மில் ஓட்டுகிறோம். குறை பெட்டியிலும் இல்லை, பொடியனிலும் இல்லை.

ஒரு பக்கம் மூடியிருந்தாலும் மறுபக்கம் நன்றாகத் திறந்திருந்தால் பேச்சு நடக்கலாம். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன்: "உன்ட றவுட்டரில யூபிஎன்பி எண்டு ஒண்டு கிடக்கும், அதைப் போடு."

"கடவுச்சொல் தெரியாதே அண்ணை."

"கீழ ஒட்டியிருக்கும், திருப்பிப் பார்."

றவுட்டர் சோபாவுக்குப் பின்னால் இருக்கிறதாம், சோபாவில் மாமியார் படுத்திருக்கிறாவாம்.

சனி

லண்டனில் பின்னேரம் மூன்று, இங்கே ஏழரை. மாமியார் எழும்பியிருக்கிறா. யூபிஎன்பி போட்டாயிற்று. இந்த முறை அழைத்ததும் சேர்ந்ததும் அதே ஆட்கள்தான். ஆனால் குரல் வந்தது, கொஞ்சம் பிந்தி.

பிந்துவதற்கு மருந்து இல்லை. நார் வயருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும். லண்டன் நேர்கோட்டிலேயே எண்ணாயிரத்துக்கு மேல், கடலடி வயர் வளைந்து செங்கடலால் போவது இன்னும் நீளம். சிங்கப்பூர் சேர்வரைப் பிடித்தால் நல்லது. அந்த ஊர் கொட்டியாரக்குடாவுக்கு வெளியே எங்கள் கிழக்குக் கடலுக்கு அப்பால் இருக்கிறது, ஆனால் கடலடி வயர்கள் கரை ஏறுவது கொழும்புப் பக்கமும் மாத்தறையும். ஆகவே கேமில் எங்கள் பந்து முதலில் தீவைக் குறுக்கறுத்து மேற்கே போய், பிறகு கிழக்கே திரும்பும்.

"மாமா, நான் அடிச்சன், அவனுக்கு அது பிறகுதான் தெரியுது."

"அப்ப முந்தியே அடி."

ஏழு மணிக்குக் கோபுரம் நெரிசலாகிறது, ஊர் முழுக்கப் போனில் இருக்கும் நேரம். அது நம் கையில் இல்லை. பெட்டியின் மூன்று கோடும் சில நேரம் இரண்டாகிறது. கோட்டுக்கு ஒரு வழிதான் உண்டு: ஜன்னலிலிருந்து கூரை மரத்தோடு சேர்த்து லேன் வயர் இழுத்து, தகரத்தின் மேல் இடைவெளியால் பெட்டிக்கு இறக்குவது. அளந்து பார்த்தேன், பதினொரு மீற்றர். பதினைந்தாக வாங்கினால் மூலையில் வளைக்க மிஞ்சும். திங்கட்கிழமை மூதூரில் வாங்க வேண்டியவை: லேன் வயர், சிஆர்2032 பற்றரி, ஆணி, அக்காவுக்கு மெசின் எண்ணெய், சிம்முக்கு ரீலோட்.