விரைவும் விரிவும்



விரைவு, விரிவு: ஓர் எழுத்தே வேறுபாடு. சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவதுண்டு. அண்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களும் இவற்றை மாற்றிப் பொருள்கொள்கின்றனர்.

"ஒளியைவிட விரைவாக எதுவும் செல்ல முடியாதென்றால், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் மட்டும் எப்படி அதைவிட விரைவாக விலகுகின்றன?" பொங்கோலில் என்னிடம் பயிலும் தொடக்கநிலை ஆறு மாணவி ஒருத்தி, பாதி ஆங்கிலத்தில் இவ்வாறு கேட்டாள். "அறிவியல் ஆசிரியரிடம் கேள்" என்று அனுப்பிவிடலாம். ஆயின், அறிவுக்கு ஆங்கிலம், தேர்வுக்குத் தமிழ் என்னும் எண்ணம் அன்றே அவள் உள்ளத்தில் வேரூன்றிவிடும்.

ரப்பர் வளையங்களைக் கோத்துப் பிள்ளைகள் தாண்டி விளையாடும் கயிற்றை எடுத்துக்கொண்டோம். சம இடைவெளியில் காகிதத் துண்டுகளைக் கட்டினோம். இருவர் முனைகளைப் பிடித்து இழுத்தனர். எந்தத் துண்டும் கயிற்றின்மேல் ஊரவில்லை. ஆயினும் எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. முதல் துண்டிலிருந்து இரண்டாவது ஒரு விரற்கடை விலகினால், பதினொன்றாவது பத்து விரற்கடை விலகியது.

நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்னும் எல்லை, கயிற்றின்மேல் ஊரும் எறும்புக்கு உரியது. கயிறு நீள்வதற்கு அவ்வெல்லை இல்லை.

தொலைவு கூடக்கூட விலகலும் கூடுவதை 1929இல் எட்வின் ஹபிள் எடுத்துக்காட்டினார். இன்றைய அளவீட்டின்படி, ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் விலகல் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் கூடுகிறது. எனவே, ஏறத்தாழ 1,400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளவை ஒளியின் வேகத்தை விஞ்சி நம்மைவிட்டு விலகுகின்றன. ஆனால், அவற்றுள் ஒன்றும் தன்னருகே செல்லும் ஒளிக்கதிரை முந்துவதில்லை.

இவ்வாராய்ச்சியில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு. கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகமண்டலத்து மலைச்சரிவில் 1970இல் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி எழுந்தது. அங்குத் தொலைதூர வானொலி மூலங்களின் தோற்ற அளவை ஆராய்ந்து 1975இல் வெளியான முடிவுகள், அண்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று, காலத்தோடு மாறிவருவது என்னும் கருத்துக்கு வலுச்சேர்த்தன.

விளையாட்டு முடிந்ததும் அம்மாணவி தன் விளக்கத்தைத் தமிழில் ஆறு வரிகளாக எழுதினாள். "வெளி விரிகிறது, அதனால் அவை விலகுகின்றன" என்றிருந்தது அதில். பெற்றோர்களே, இத்தகைய கேள்வி உங்கள் வீட்டிலும் எழும். அப்போது விடையைத் தமிழில் தொடங்குங்கள்.