நம்ம ஊர் மாமனார்

பெண் வீட்டைச் சம்மதிக்க வைக்கிற சிரிப்புப் படம் என்றால் எனக்கு எப்போதும் 'காதலிக்க நேரமில்லை'தான். 1964-ல் ஸ்ரீதர் எடுத்தது. வேலை பறிபோன ரவிச்சந்திரன் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை என்று புளுக, நண்பன் முத்துராமன் வயசான வேஷம் கட்டி அப்பாவாக வந்து நிற்பார்.

ஆனால் படத்தைத் தாங்குவது பெண்ணைப் பெற்ற டி.எஸ்.பாலையா. நம்ம தூத்துக்குடி மாவட்டம் சுண்டங்கோட்டைக்காரர்! நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். வசனமெல்லாம் நாகேஷுக்கு. இவருக்குக் கண்ணும் வாயும்தான். கேட்கக் கேட்க முகத்தில் பயம் ஏறும் பாருங்க, அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. 1936-ல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக வந்த மனுஷன் இவர்!

பணக்காரச் சம்பந்தி என்றதும் குழைவார், பேராசைதான். ஆனாலும் அவர்மேல் வெறுப்பே வராது. பெற்றவரை எதிரியாக்காமல் காதல் கதை சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டிலும், தங்கச்சி தன் காதலைச் சொன்னதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அப்பா, துறைமுக வேலை முடிந்து வந்து டிவியில் இந்தப் படம் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படம் முடிந்ததும், "அந்தத் தம்பியை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லும்மா" என்றார்.