முதலில் அவர் நாமம்

பொதுத் தேர்வு நெருங்கும் நாட்களில் நம் பள்ளிச் சிற்றாலயத்தைப் பார்க்க வேண்டுமே! மற்ற நாட்களில் ஆளற்றுக் கிடக்கும் பெஞ்சுகளில் முழந்தாளிட இடமிராது. வேண்டுதல் பெட்டி சீட்டுகளால் நிரம்பி வழியும். கணிதத்தில் நூறு மதிப்பெண், கல்லூரியில் இடம், அப்பாவுக்கு நல்ல வேலை... இவற்றைக் கேட்கலாகாது என்று யார் சொல்ல முடியும்? கேட்கச் சொன்னவரே நம் ஆண்டவர்தான். ஆயினும் அவரே கற்றுத் தந்த செபத்தின் வரிசையைச் சற்று நின்று பார்த்தால் வியப்பாயிருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ள அந்தச் செபத்தில் ஏழு மன்றாட்டுகள். முதல் மூன்றும் தந்தையின் நாமம், தந்தையின் அரசு, தந்தையின் சித்தம். நான்காவதாகத்தான் உணவு வருகிறது. பசித்தவன் சோற்றுக்கு முன் மூன்று படி ஏற வேண்டியிருக்கிறது! இன்னொன்றும் உண்டு. முன்பாதியெல்லாம் 'உம்' என்றும், பின்பாதியெல்லாம் 'எங்கள்' என்றும் போகிறதே தவிர, 'என்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. நமது சீட்டுகளிலோ அந்த ஒரு சொல்தான் அதிகம்.

இந்த ஒழுங்கைத் திருச்சபையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அருள் நிறைந்த மரியே செபத்தின் முன்பாதி முழுவதும் வானதூதரும் எலிசபெத்தம்மாளும் சொன்ன வாழ்த்துதான். நமக்காக வேண்டும்படி கேட்கும் பின்பாதி பல நூற்றாண்டுகள் கழித்தே சேர்ந்தது. 1568-இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளைச் செபநூலில்தான் இன்றைய வடிவம் நிலைபெற்றது. மரியன்னை பாடிய புகழ்ப்பாடலிலோ விண்ணப்பமே கிடையாது.

யூத மக்கள் நாள்தோறும் நின்றுகொண்டு சொல்லும் செபமும் இறைப்புகழ்ச்சியில்தான் தொடங்குகிறது. நடுவில் தேவைகள், முடிவில் நன்றி. ஓய்வுநாளில் அந்த நடுப்பகுதியை எடுத்துவிட்டு, அந்நாளின் புனிதத்தைப் போற்றுகிறார்கள். வாரத்தில் ஒருநாள் இறைவனிடம் எதையும் கேட்காதிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், தோழிகளே? எனக்கென்னவோ அது நோன்பைவிடக் கடினமாகத் தோன்றுகிறது.

சரி, தண்ணீரில் மூழ்குகிறவன் புகழ்ச்சி பாடிக்கொண்டிருப்பானா என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பேதுரு மூழ்கியபோது ஒரே ஒரு கூக்குரல்தான் எழுப்பினார். கிரேக்க மூலத்தில் அது மூன்றே சொற்கள். அவற்றில் முதற்சொல், இயேசுவை ஆண்டவரென்று அழைக்கும் சொல். காப்பாற்று என்பது அதற்கு அடுத்ததுதான். வணக்கத்துக்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை போலும்.

ஆனால் அந்த மூன்றாம் மன்றாட்டு இலேசானதன்று. அதை நான் எங்கள் வீட்டிலேதான் கண்டேன். நாங்கள் குமரிக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது என் சித்தப்பா கடலில் இருந்தார். ஊரே கோயிலில் கூடி இரவும் பகலும் செபமாலை சொல்லிற்று. சிலர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். சித்தப்பா வரவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டு மாலைச் செபத்தில் ஒன்றைக் கவனித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. பாட்டி எல்லாருக்கும் முந்தி முழந்தாளிடுவார். தந்தையின் நாமத்தைச் சொல்வார், அரசைச் சொல்வார். சித்தம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். நாங்கள் சொல்லி முடித்து உணவுக்கு வரும்போது மீண்டும் சேர்ந்துகொள்வார். ஒரு நாளல்ல, மாதக்கணக்கில் இப்படி. அம்மா தயங்கித் தயங்கி ஒருநாள் காரணம் கேட்டார்.

"மனசு வராம அதைச் சொன்னா, கடவுள்கிட்டயே பொய் சொன்னதா ஆவாதா மக்களே?" என்றார் பாட்டி.

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. பெரிய மரியாதை என்று எதைச் சொல்கிறோமோ, அது பாட்டியின் அந்த மௌனத்தில் இருந்ததாக இப்போது நினைக்கிறேன். கேட்டது கிடைக்காமற் போன பின்னும் அவர் செபத்தை விட்டு எழுந்து போய்விடவில்லை. அவர் நாமத்தை முதலில் சொல்வதையும் நிறுத்தவில்லை. சொல்ல முடியாததை மட்டும் சொல்லவில்லை.

மறு ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, மூன்றாம் மன்றாட்டில் எங்கள் குரல்களோடு இன்னொரு குரலும் மெல்லச் சேர்ந்தது. அம்மா ஒரு கணம் நிறுத்திவிட்டார். பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அவராகவே அன்றன்றுள்ள உணவைக் கேட்கத் தொடங்கினார்; நாங்களும் கூடவே சொன்னோம்.