சுருக்கினால் மட்டும் போதுமா?

கிழக்கு தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் அந்தத் தமிழாசிரியருக்கு இப்போது வயது 74. ஓர் இந்தி நாவலை மூன்றாண்டுகள் உட்கார்ந்து தமிழாக்கி 2001-ல் முடித்தார். பதிப்பாளர் அகப்படவில்லை. 32 அத்தியாயங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பிறகு ஒரு சி.டி.யில் ஏற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார். கையெழுத்துப் பிரதி வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற தைரியம்.

2024-ல் ஒரு சிறிய பதிப்பகம் கேட்டபோது சி.டி.யை எடுத்தார். புதிய கம்ப்யூட்டர் அந்த ஃபைலை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. எதைக் கொண்டு திறப்பது என்று அவரையே திருப்பிக் கேட்டது. வின்ரார் போட்டுப் பார்த்தார். மறுத்துவிட்டது. 7-ஜிப்பும் கைவிரித்தது.

ஃபைலின் பெயருக்குப் பின்னால் இருந்த மூன்றெழுத்துதான் காரணம்: ஏஸ். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றுடன் இலவசமாக வந்த சி.டி.யில் வின்ஏஸ் என்ற சாஃப்ட்வேர் இருந்தது. ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி.தான் அடங்கும். அத்தியாயங்களையும் சில ஸ்கேன் படங்களையும் ஜிப் செய்தால் இரண்டு ஃப்ளாப்பிகள் தேவைப்பட்டன. ஏஸ் ஒன்றிலேயே அடக்கியது. "ஹோல்டாலில் குடும்பத்தையே சுருட்டிக் கட்டிய மாதிரி இருந்தது" என்கிறார் அவர். அன்றைய கணக்குப்படி அது சரியான தேர்வுதான். இரண்டு ஃப்ளாப்பிகளில் ஒன்று கெட்டுப்போவது என்பது அக்காலத்தில் தினசரிச் செய்தி.

ஏஸ் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கியது. ஆனால் எப்படிச் சுருக்குகிறது என்பது அதை உருவாக்கியவர்களின் ரகசியம். வின்ரார் போன்றவை கூட, அவர்கள் கொடுத்த ஒரு சிறு நிரலைத் தங்களுக்குள் பொருத்திக்கொண்டுதான் ஏஸ் ஃபைல்களைத் திறந்தன. 2019 பிப்ரவரியில் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் அந்த நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். விஷமி ஒருவர் அனுப்பும் மூட்டையைப் பிரித்தால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக ஓடும் இடத்திலேயே ஒரு வேண்டாத ஃபைலை அது இறக்கிவிடும். வின்ரார்காரர்கள் ஓட்டையை அடைக்க நினைத்தாலும் முடியாது. நிரலின் மூலம் அவர்களிடம் இல்லை. 2005-க்குப் பிறகு அதைப் புதுப்பிக்க ஆளும் இல்லை. ஏஸையே கழற்றி எறிந்தார்கள். பாதுகாப்புக்கு அது நியாயம். மயூர் விஹார் பீரோவில் இருந்த நாவலுக்கு அது பூட்டு.

ஜிப்பின் கதை வேறு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஃபில் காட்ஸ் ஒன்றும் குறையற்ற கதாநாயகர் அல்ல. 1980-களில் தொலைபேசி வழியே ஃபைல் பரிமாறிக்கொண்டவர்கள் பயன்படுத்தியது ஆர்க் என்ற முறை. அது நியூஜெர்சியின் ஒரு சிறு நிறுவனத்துடையது. காட்ஸ் அதைவிட வேகமான ஒன்றை எழுதி விற்றார். தங்கள் நிரலிலிருந்தே எடுத்தாண்டார் என்று அந்நிறுவனம் 1988-ல் வழக்குப் போட்டது. காட்ஸ் பணம் கொடுத்து சமரசம் செய்துகொண்டார். வாடிக்கையாளர்களோ அவரைப் பெரிய முதலாளி ஒடுக்குவதாக நினைத்து அவர் பக்கம் சாய்ந்தார்கள். எதிராளியும் ஒரு குட்டி நிறுவனம்தான் என்பது பலருக்குத் தெரியவில்லை.

1989-ல் காட்ஸ் புதிய முறையோடு வந்தார். அதுதான் ஜிப். கூடவே, ஒரு ஜிப் ஃபைலுக்குள் எது எந்த இடத்தில் இருக்கும் என்ற விவரம் முழுவதையும் எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். 2000 ஏப்ரலில் மில்வாக்கியில் ஒரு விடுதி அறையில் காட்ஸ் இறந்து கிடந்தார். வயது 37. மதுதான் கொன்றது. அவர் போன பின்பும் ஜிப் நிற்கவில்லை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. அதைச் சாதாரண ஃபோல்டரைப் போலவே திறந்தது. இன்று வேர்டில் உருவாகும் டாக்எக்ஸ் ஃபைலும், மின்னூல்களின் இபப் ஃபைலும் உள்ளுக்குள் ஜிப் மூட்டைகளே.

கம்ப்யூட்டர் வாங்கியவர் எந்தச் சுருக்கும் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்வது என்று கேட்டால், எது அதிகம் சுருக்கும் என்ற பட்டியலைத்தான் யாரும் நீட்டுவார்கள். அந்தப் போட்டிக்கு இப்போது அவ்வளவு அர்த்தமில்லை. ஜேபெக் புகைப்படங்களும் வீடியோக்களும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. எதில் போட்டாலும் பெரிதாகக் குறையாது. எழுத்து மட்டும் நன்றாகக் குறையும், அதிலும் தமிழ். யூனிகோட் ஃபைலில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் வழக்கமாக மூன்று பைட்டுகள் செலவாகின்றன. அவற்றில் முதலாவது எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான் என்பதால் எந்தச் சாஃப்ட்வேரும் அதைச் சுலபமாகப் பிழிந்துவிடும்.

ரஷ்யரான இகோர் பாவ்லோவ் 1999 முதல் தரும் 7-ஜிப் இலவசம். அதன் மூலநிரலும் பகிரங்கம். ஜிப்பும் செய்யும், தன் சொந்த 7இசட் மூட்டையும் கட்டும். வின்ரார் விலைக்கு உரியது. 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் பணம் கட்டச் சொல்லி நினைவூட்டிக்கொண்டே வேலை செய்வதால், வாங்காமலே வாழ்நாளைக் கழித்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஆனால் அதில் ஒரு நல்ல வசதி உண்டு. ஃபைல் கொஞ்சம் சிதைந்தால் மீட்பதற்கென்று உபரித் தகவலைச் சேர்த்து வைக்க முடியும். 7இசட்டில் அது இல்லை. இரண்டு சாஃப்ட்வேர்களுமே தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஒருமுறை போட்டுவிட்டு மறப்பவர்களைத் தேடித்தான் விஷமிகள் வருகிறார்கள்.

பாஸ்வேர்ட் போடுபவர்களுக்கு ஒன்று. ஜிப்பின் பழைய பூட்டுமுறையை எலி பிஹாம், பால் கோச்சர் இருவரும் 1994-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். 7-ஜிப்பில் ஜிப் செய்யும்போது ஏஇஎஸ்-256 என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கிடைப்பது அந்தப் பழைய பூட்டுதான்.

ஜிப்பிடம் தமிழர்களுக்குத் தனி மனக்குறையும் உண்டு. அது ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்துப் பிறந்தது. யூனிகோட் பெயர்களுக்கு அதன் விதிகளில் இடம் கிடைத்ததே 2006-ல்தான். விண்டோஸ் 7-ல் தமிழில் பெயரிட்ட ஃபைலை ஜிப் ஃபோல்டரில் போடச் சொன்னால், இந்த எழுத்துகள் ஆகாது என்று மறுத்துவிடும். பிந்தைய விண்டோஸ்களில் அந்தத் தொல்லை இல்லை.

ஆசிரியரின் மூட்டை? மாடியில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். "மாமா, இன்டர்நெட்டே இல்லாத பழைய லேப்டாப் ஒண்ணு எங்க வீட்ல கிடக்கு. அதுல பழைய வின்ரார் இருக்கு, பார்ப்போமா?" என்றாள். மூட்டை பிரிந்தது. உள்ளே இருந்தது யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட். பார்வைக்குக் கிறுக்கல். அதற்கு மாற்றி கிடைத்தது. எழுத்துகள் தமிழாயின.

ஆனால் 27 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. இடத்தை மிச்சம் பிடிக்க எல்லா ஃபைல்களையும் ஒரே தொடராக இழைத்துச் சுருக்கும் முறையை அவர் அன்று தேர்ந்தெடுத்திருந்தார். அப்படிக் கட்டினால் நடுவில் ஓரிடம் பழுதானாலும் அதற்குப் பின்னால் வருபவை போய்விடக்கூடும். சி.டி.யில் ஒரு கீறல். ஐந்து அத்தியாயங்கள் திரும்பவில்லை. சாதாரண ஜிப்பாக இருந்திருந்தால், ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால், கீறல் விழுந்த அத்தியாயம் மட்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

"அப்போ எனக்கு வயசு ஐம்பது. இந்தியில் வேகம் இருந்தது. இப்போ ஒரு பக்கத்துக்கு மூணு தடவை அகராதி பார்க்க வேண்டியிருக்கு" என்கிறார். பழைய 27 அத்தியாயங்களையும் 7-ஜிப் கொண்டு சாதாரண ஜிப்பாகக் கட்டி, புனேயில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார். மகள் மொபைலிலேயே திறந்து, "வந்திடுச்சுப்பா. பேரெல்லாம் தமிழ்லயே தெரியுது" என்று சொன்னாள். பதிப்பகம் கெடு கேட்டிருக்கிறது. அவர் இப்போது 29-வது அத்தியாயத்தில் இருக்கிறார்.